செவ்வாய்ச் சந்தையில் நின்ற எம்.பி.

ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஜனங்களிடம் வந்து கைகூப்பி ஓட்டுக் கேட்பது உடம்புக்கும் ஆகவில்லை, கௌரவத்துக்கும் ஆகவில்லை, இனிமேல் பத்து வருசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று நாட்டின் பெரிய சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் எழுதி, அதன் முதல் வாசிப்பை மேசையைத் தட்டித் தட்டி ஒப்புக்கொண்டார்கள் இல்லையா, அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், செங்காட்டூர் மாட்டுச் சந்தையில், ஒரு மயிலைக் காளைக்கும் ஒரு கறவை எருமைக்கும் நடுவே, அந்தத் தொகுதி எம்.பி. ஈசுவரமூர்த்தி கைலியும் பனியனுமாக நின்றுகொண்டிருந்தார். தலைநகரத்தில் மெத்தையில் படுத்தவர் விடியும்போது மாடு கட்டும் முளைக்குச்சிக்குப் பக்கத்தில் எப்படி வந்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். சந்தையிலும் யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையானால் எங்கெங்கிருந்தோ எது எதுவோ வந்து நிற்கும் இடம் அது. வந்தது என்ன விலைக்குப் போகும் என்பதுதான் அங்கே கேள்வி.

அவரை முதலில் பார்த்தவள் மாசாணி. பார்த்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு, தொட்டாள். செங்காட்டூர் சந்தையில் பொம்பளைத் தரகர் அவள் ஒருத்திதான். தரகு அவள் புருசன் சென்னியப்பனுடைய தொழில்தான், ஆனால் அந்த மனுசன் வாயில் எதுவும் நிற்காது. அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசுகிற வழக்கமே கிடையாது; தரகர் தோள்துண்டை எடுத்து மாட்டுக்காரர் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பிடித்துத்தான் விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. சென்னியப்பனோ துண்டுக்கடியில் பிடித்த விரலை டீக்கடையில் போய் அவிழ்த்துவிட்டு வருவான். ஒரு வருசம் பார்த்தாள், இரண்டு வருசம் பார்த்தாள், ஒருநாள் அவன் தோளில் கிடந்த துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் இறங்கினாள். முதலில் சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு அவளைத்தான் தேடி வந்தார்கள், ஏனென்றால் மாசாணி கை பொய் பேசாது.

அன்றைக்கு அவளுக்குக் கண் தெரியவில்லை. மார்கழிப் பனி ஒரு பக்கம், அழுது வீங்கிய இமை ஒரு பக்கம். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள் ஒரே மகள் வடிவு, பெரிய சபை மேசை தட்டிய மறுநாள், கல்லூரிச் சுவரில் 'பத்து வருசம் உனக்கு யார் குடுத்தா?' என்று ஆள் உயரத்துக்கு எழுதினாள். சாயங்காலமே கொண்டுபோய் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். நாட்டுக்கு விரோதமாம். ஜாமீன் கிடையாதாம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது, அதற்காக வீட்டில் உட்கார்ந்தால் வக்கீலைப் பார்க்க பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள் என்று சந்தைக்கு வந்தவள், மயிலைக் காளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிழலைப் பார்த்து மாட்டுக்காரர் என்று நினைத்துத் துண்டைக் கைமேல் போட்டு விரலைப் பிடித்துவிட்டாள். பிடித்த கை மெத்தென்று இருந்தது. எம்.பி. மிரண்டுபோய் முஷ்டியை மடக்கிக்கொண்டார். முஷ்டி மடக்கினால் அந்த விலைக்கு இல்லை என்று அர்த்தம். தரகர் துண்டைப் போட்டுவிட்டால் பேச்சை முடிக்காமல் எடுக்கக் கூடாது என்பது சந்தையின் கட்டு, மாசாணியும் பழக்கதோசத்தில் தொண்டையைத் திறந்து, "படியல! நிக்கட்டும்!" என்று கத்திவிட்டாள்.

அவ்வளவுதான், நின்றுவிட்டார்.

மேற்கு வாசல் வழியாக வெளியே போனார், கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்தார். கிழக்கே போனார், மேற்கே வந்தார். கலெக்டர் வந்து தன் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கார் ஊர் எல்லையைத் தாண்டும்போது பின்சீட்டு காலி, எம்.பி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எருமையோடு நின்று முழித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். ராயக்காள் களிக்கடையிலிருந்து ஒரு தட்டுக் களியும் கொள்ளு ரசமும் போனது. எம்.பி. என்றாலும் வயிறு வயிறுதானே.

மாசாணிக்கு ஆள் யாரென்று தெரிந்ததும் நேரே போய் நின்றாள். "ஏனுங், எம் புள்ளய எதுக்குங்க உள்ள வெச்சிருக்கறீங்க?"

"அது என்ற கையில இல்லீங் அம்மிணி," என்றார் ஈசுவரமூர்த்தி. "மொதல்ல என்னய விடச் சொல்லுங். நீங்கதான படியலன்னு சொன்னீங்க? படிஞ்சுதுன்னு சொல்லிப்போடுங்."

"அப்புடிச் சும்மா சொல்ல முடியாதுங்க. வாங்கறவங்க ஒத்துக்கோணும்."

"யாருங் வாங்கறவங்க?"

மாசாணி சந்தையைத் திரும்பிப் பார்த்தாள். கயிறு விற்கிறவன், கன்றுக்குட்டி பிடித்திருந்தவள், சாணி அள்ளுகிறவர், லாரி டிரைவர், பீடி பற்றவைத்துக்கொண்டு நின்ற கிழம். இவர்கள்தானே ஐந்து வருசத்துக்கு என்று ஓட்டுப் போட்டு ஆளை வாங்கினவர்கள், இவர்களைத்தானே கேட்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் முளைக்குச்சிப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து துண்டை விரித்தாள். ஒவ்வொருத்தராக வந்து துண்டுக்கடியில் கையை விட வேண்டும், ஆள் போய்ச் சபையில் உட்காரட்டும் என்றால் உள்ளங்கையை விரிக்க வேண்டும், இங்கேயே நிற்கட்டும் என்றால் மடக்க வேண்டும். விரித்தவர் யார் மடக்கியவர் யார் என்பது மாசாணிக்கு மட்டும் தெரியும், அவள் எவரிடமும் சொல்ல மாட்டாள், கணக்கு அவள் மனசுக்குள் ஓடும். தெற்கு வளவுச் சேரி ஆட்கள் கையை விட்ட துண்டுக்குள்ளேயா நாங்களும் விடுவது என்று இரண்டு பண்ணையக்காரர்கள் முறைத்தார்கள். "அதுக்கென்னுங், பொறுமையா நின்னு கடைசியா வாங்க," என்றாள் மாசாணி. நின்றார்கள். கடைசியாக வந்தார்கள்.

அந்த முதல் தடவை விரித்த கைதான் அதிகம், பாவம் ஒரு வாரம் வைக்கோலில் படுத்துக் கிடந்தாரே என்று. "படிஞ்சுது!" என்று மாசாணி கத்தினாள். எம்.பி. வாசல் தாண்டினார், போய்க்கொண்டே இருந்தார், திரும்பி வரவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்தால் அதே மயிலைக் காளைப் பக்கத்தில், இந்தத் தடவை பட்டு அரைக்கால் சட்டையில், வாயில் பல் குச்சியோடு நிற்கிறார் மனுசன்.

பிறகு அது செங்காட்டூரில் மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை என்றால் சந்தை, சந்தை என்றால் எம்.பி., எம்.பி. என்றால் துண்டு. புண்ணாக்கு விலை தெரியாமல் உளறிய வாரம் தோற்றார், ஏழு நாளும் புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்து விலையை மனப்பாடம் பண்ணினார். மாட்டாஸ்பத்திரிக்கு டாக்டர் போட வைத்த வாரம் ஜெயித்தார். அதே டாக்டர் மூன்று நாளில் மாற்றல் வாங்கிப் போனதும் தோற்றார். எல்லாருக்கும் லட்டு கொடுத்த வாரம் லட்டை வாங்கித் தின்றுவிட்டுக் கையை மடக்கிவிட்டுப் போனார்கள். நல்ல காரணத்துக்குத்தான் ஜனங்கள் எப்போதும் மடக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து எம்.பி. மேல் மடக்கியவர்களும் உண்டு. ஆனால் ஒன்று, மூன்று வருசமாக அந்தத் தொகுதியில் கால் வைக்காத மனுசனுக்கு இப்போது வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் இல்லை, யார் வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. பக்கத்துத் தொகுதியிலிருந்து லாரி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், "எங்காளு இருக்கறாரா போயிட்டாரான்னே தெரியலீங்க, உங்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்," என்று வயிறெரிந்தார்கள்.

எத்தனை நாளைக்கு ஒருதரம் ஆளைக் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் சந்தைக்குள் ஓயாத சண்டை. பால்காரர் தினமும் இரண்டு வேளை கேட்கலாம் என்றார். நெல்லுக்காரர் ஒரு போகத்துக்கு ஒருமுறை என்றார். வாரா வாரம் கையைத் தூக்கிக்கொண்டு வர எனக்கு வேறு சோலி இல்லையா என்றான் லாரி டிரைவர். தென்னந்தோப்புக்காரர் பெரியசாமிக் கவுண்டர் எழுந்து, "தென்னைய வெச்சா காய்க்கறதுக்கு அஞ்சாறு வருசம் ஆகுமுங்க. வாராவாரம் தோண்டித் தோண்டி வேரைப் பாத்தா மரம் என்னத்துக்கு ஆகும்?" என்றார். நியாயமான பேச்சுதான், பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

"காய்க்கட்டுமுங்க," என்றாள் மாசாணி. "அஞ்சு வருசம் என்ன, பத்து வருசம்கூடக் கழிச்சுக் காய்க்கட்டும். ஆனா அந்த அஞ்சு வருசமும் தென்னை உங்க தோட்டத்துலதான நிக்குது? தலைநகரத்துலயா போயி நிக்குது?"

பெரியசாமிக் கவுண்டரே சிரித்துவிட்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் வடிவு உள்ளேதான் இருந்தாள். வாரம் தவறாமல் மாசாணி எம்.பி.யைக் கேட்பாள், அவரும் வாரம் தவறாமல் எழுதியிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன், அது என் கையில் இல்லை என்பார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மகளோ சோறு நல்லா இருக்கா, சளி விட்டுதா என்று கேட்டால் பதிலே சொல்லமாட்டாள். "இந்த வாரம் என்னம்மா ஆச்சு, படிஞ்சுதா?" என்றுதான் முதல் கேள்வி. படியவில்லை என்று தெரிந்தால் அங்கேயே கைதட்டிச் சிரிப்பாள், வார்டன் வந்து அதட்டுகிறவரைக்கும். சிரிக்கும்போது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மாசாணி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பத்து வருசச் சட்டத்தின் கடைசி வாக்கெடுப்பு ஒரு புதன்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தைய வாரம் எம்.பி. தோற்றுச் சந்தையில்தான் கிடந்தார், ஆக அந்தச் செவ்வாய்க்கிழமை ஜனங்கள் விட்டால்தான் அவர் போய்க் கை தூக்க முடியும். திங்கட்கிழமை மத்தியானம் எம்.பி. சேர்ந்த ஆளுங்கட்சியின் பொறுப்பாளர் தங்கராசன், சத்தம் போடாத ஒரு பெரிய காரில் மாசாணி வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஒவ்வொரு தலையும் முக்கியம் அம்மிணி. நாளைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். படிஞ்சுது. வியாழக்கெழம உங்க பொண்ணு இதே வீட்டுல உக்காந்து சோறு உண்ணும்."

"ஜனங்க கையை மடக்கிட்டாங்கன்னா?"

"மடக்குனதை யாரு பாத்தா? உங்களுக்கு மட்டுந்தான தெரியும்?"

அவர் போன பிறகு சென்னியப்பன் சமையல்கட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எந்நேரமும் வாய் ஓயாத மனுசனுக்கு அழுகையில் உதடு கோணிக்கொண்டது. "சொல்லிப்போடு மாசாணி," என்றான். "நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். எம் புள்ள வந்தாப் போதும். சத்தியமாச் சொல்றேன், நான் செத்தாலும் சொல்லமாட்டேன்." அவன் அப்படி அழுது அவள் பார்த்ததேயில்லை. அவளும் அழுதாள். இரண்டு பேரும் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சந்தை கொள்ளாத கூட்டம். ஈசுவரமூர்த்தி முளைக்குச்சிப் பக்கத்தில் நின்று, "நான் போயி எதிர்த்துத்தானுங்க கை தூக்குவேன், என்ற பேரப்புள்ள மேல ஆணை," என்று எல்லாரையும் கும்பிட்டார். சிலர் நம்பினார்கள், பலர் பேரப்பிள்ளைக்காகப் பரிதாபப்பட்டார்கள். மாசாணி துண்டை விரித்து உட்கார்ந்தாள். கைகள் வந்தன. காய்ப்புக் காய்த்த கை, சுண்ணாம்பு அரித்த கை, வளையல் போட்ட கை, நடுங்குகிற கை, ஒரு விரல் இல்லாத கை, பால் வாடை அடிக்கிற கை, வந்து வந்து மடங்கிய கை, மடங்கி மடங்கி அவள் உள்ளங்கையில் கல்லு கல்லாக உட்கார்ந்த கை, நடுநடுவே விரிந்த கை, பிறகு மறுபடியும் மடங்கிய கை. உச்சி வெயில் வந்தபோது அவள் மனசுக்குள் ஓடிய கணக்கு நின்றது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

டீக்கடை வாசலில் தங்கராசன் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சென்னியப்பன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. பொய்யாகப் படிந்தது என்று சொன்னால் வாசல் விடுமா விடாதா என்பது அவளுக்கே தெரியாது. விடும் என்றுதான் தோன்றியது. வடிவு முற்றத்தில் உட்கார்ந்து தலையைக் காயவைப்பது கண்ணில் தெரிந்தது. தலையைத் திருப்பி, "இந்த வாரம் என்னம்மா ஆச்சு?" என்று அவள் கேட்பதும் தெரிந்தது.

மாசாணி எழுந்து நின்றாள். "படியல!" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள். "படியலீங்க! நிக்கட்டும்!"

சந்தை ஆரவாரித்ததில் எருமைகள் மிரண்டன. தங்கராசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காதோரம், "உம் பொண்ணை இனி மறந்துரு," என்றார்.

"நான் எதுக்குங்க மறக்கறேன்?" என்றாள் மாசாணி, காதோரம் சொல்லாமல் ஊருக்கே கேட்கும்படி. "அவ எந்தச் சொல்லுக்காக உள்ள போனாளோ அதையவே வித்து அவளை வெளிய கொண்டாந்தா, அப்புறம் அவ மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்? போங்க. போயி உங்களால ஆனதப் பாருங்க."

அவர் போனார். சென்னியப்பன் அவளிடம் பேசவில்லை. சாயங்காலம் சந்தை கலைந்ததும் ஈசுவரமூர்த்தி வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்து, "அம்மிணி, ஒண்ணு சொல்றேன்," என்றார். "விட்டிருந்தீங்கன்னா போயி அவங்களுக்குத்தானுங்க கை தூக்கியிருப்பேன். இங்க நிக்கறப்ப ஒரு மனசு, அங்க போனா வேற மனசு." மாசாணி ராயக்காளைக் கூப்பிட்டு அவருக்குக் களி கொடுக்கச் சொன்னாள்.

புதன்கிழமை அவர் இல்லாமலே சட்டம் நிறைவேறியது. பத்து வருசம். டி.வி.யில் லட்டு ஊட்டிக்கொண்டார்கள், மாவட்டத் தலைநகரத்தில் வெடி வெடித்தார்கள். மாசாணி வெள்ளிக்கிழமை ஜெயிலுக்குப் போனபோது மகளைப் பார்க்க விடவில்லை. அடுத்த வாரமும் கிடையாது என்றார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய சபைக்கு முன்னால் என் ஒரு வார்த்தை என்ன பண்ணிவிட்டது, பெற்ற பிள்ளையை நானே பலிகொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவள் எழுந்திருக்கவேயில்லை.

சென்னியப்பன்தான் ஓடி வந்தான். ஒரு வாரமாகப் பேசாதிருந்தவன் வாசலிலிருந்தே கத்தினான். "மாசாணி! ஏ மாசாணி! எந்திரி! சந்தையில மாடு கட்ட எடமில்ல!"

உண்மையாகவே இல்லை. ஒவ்வொரு முளைக்குச்சிக்குப் பக்கத்திலும் ஒரு மெம்பர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, எந்தப் பக்கமும் சேராத கட்சி, ஆணும் பெண்ணுமாக மொத்தப் பெரிய சபையும், படுக்கையில் போட்டிருந்த உடுப்போடு, பனியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, காங்கேயம் காளைகளுக்கும் முர்ரா எருமைகளுக்கும் நடுவே நின்றது. ஒருவர் தலையில் எண்ணெய், ஒரு அம்மாள் கையில் சீப்பு, ஒருவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு மொழியில் போனைக் கொண்டா என்றார்கள், காரைக் கொண்டா என்றார்கள். மேற்கு வாசலில் கும்பலாக வெளியேறினார்கள், கிழக்கு வாசலில் கும்பலாக உள்ளே வந்தார்கள். ராயக்காள் இன்னொரு அடுப்பு மூட்டினாள். தரகர்கள் எல்லாரும் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார்கள். வடக்கேயிருந்து எருமை பிடிக்க வந்த வியாபாரிகள் தங்கள் ஊருக்குப் போன் போட்டார்கள். ரயில் ஏறிவிட்டோம், நாங்கள் வருகிறவரைக்கும் எங்காளை விட்டுவிடாதீர்கள் என்று பதில் வந்தது. தங்கராசன் சந்தைக்கு வெளியே காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை இறக்கவில்லை.

மாசாணி முடியை அள்ளி முடிந்துகொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஈசுவரமூர்த்தி, அந்த வைக்கோலுக்கும் அந்த இடத்துக்கும் பழகியவர், ஒரு கட்டுச் சோள நாற்றை எருமைக்குப் போட்டுவிட்டு எதிரே வந்தார்.

"ஏனுங்," என்றாள், "ஜெயிலுக்கெல்லாம் பொறுப்பு எந்த மந்திரிங்க இதுல?"

அவர் கை காட்டினார். தொட்டிக்குப் பக்கத்தில், நீலக் கோடு போட்ட இரவுச் சட்டையில், சாணியை மிதித்த காலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நின்றார். மாசாணி நேரே போனாள், துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டாள், அடியில் விரல்களைப் பிடித்தாள். மந்திரி தன் மொழியில் பதறிப்போய் ஏதோ கேட்டார்.

"என்ன வெலை வேணும்னு கேக்கறாருங்க," என்றார் ஈசுவரமூர்த்தி.

"நான் விக்கவும் வரல, வாங்கவும் வரல. கேட்டதுக்காக எம் புள்ளய அடைச்சு வெச்சிருக்கறீங்க. கேக்கறதுல என்ன தப்புன்னு நான் கேக்க வந்தேன், அவ்வளவுதான். பதில் வர்ற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

ஈசுவரமூர்த்தி சொன்னார். மந்திரி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். மாசாணி இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.